வரேன் என்னும் பட்டன்

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏஞ்சலினுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிடைத்து என்ன புண்ணியம்? வெளியே பார்க்கிற மனசு இருந்தால்தானே. மடியில் இருந்த பையில் இரண்டு சாமான்கள். ஒன்று, ஒரு கிலோ சாத்துக்குடி. இன்னொன்று, செல்போனை நிறுத்தி வைத்து வீடியோ எடுக்கிற சின்ன ஸ்டாண்டு. பழம் அவளாக வாங்கியது, ஸ்டாண்டு கம்பெனி கொடுத்து அனுப்பியது. பூவம்மாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவள் பழத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்டாண்டை எடுத்துக்கொண்டது அவள் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பு போன வாரமே நடந்து முடிந்துவிட்டது.

ஏஞ்சலின் வேலை பார்ப்பது ‘ஊடு’ என்கிற செல்போன் விளையாட்டை நடத்தும் கம்பெனியில். அதில் வெட்டு குத்து கிடையாது, பணம் வைத்து ஆடுகிற வம்பும் கிடையாது. ஆளுக்கொரு வீடு. இருபது வீடு சேர்ந்தால் ஒரு தெரு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உப்புக் கேட்கலாம், ஊருக்குப் போனவர்களின் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், குழாயடியில் நின்று வாய் வலிக்கப் பேசலாம். அவ்வளவுதான் ஆட்டம். இதையெல்லாமா ஒரு மனுஷன் உட்கார்ந்து ஆடுவான் என்று கேட்டவர்கள் இன்றைக்கு ஆளுக்கொரு தெருவில் குடியிருக்கிறார்கள்.

ஆரம்பித்தவன் பார்த்திபன். பெரியபாளையம் பக்கத்தில் நெல் விளைகிற நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. கும்மிடிப்பூண்டி பஜாரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, ஐந்து பேரோடு தொடங்கினான். அந்த ஐந்தில் ஒருத்தி ஏஞ்சலின். அதற்கு முன் சிப்காட்டில் ஒரு பாக்டரியில் லைனில் நின்று, வருகிற பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தாள். ஆறு வருஷத்தில் ஒரு கீறலைக் கூட விட்டதில்லை என்று சூப்பர்வைசரே சொல்லுவார். இந்தப் பெருமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பாக்டரி கேன்டீனில் சமையல் பார்த்தவள் பூவம்மாள். புருஷன் இல்லை, மகன் ஓசூரில். ஆட்டத்தை முதன்முதலில் ஆடிப் பார்க்க ஆள் தேடியபோது, ஏஞ்சலின் நேரே கேன்டீனுக்குப் போய் அவள் கையில் போனைக் கொடுத்தாள். பூவம்மாள் கால் மணி நேரம் ஆடினாள், எதிர்வீட்டில் உப்பு வாங்கினாள், பிறகு வெளியே வரப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாமா இது, ஊட்டுக்கு வந்தவளப் பாத்து ‘வெளியேறு’ன்னுது? கழுத்தப் புடிச்சித் தள்றாப்ல கீது."

"அப்ப இன்னாக்கா போடலாம்?"

"வரேன்னு போடு. கிளம்பும்போது யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? எழவு ஊட்லதான் வரேன்னு சொல்லாம போவாங்க."

அன்று சாயந்திரமே பட்டனை மாற்றிவிட்டான் பார்த்திபன். ஒருவர் அதை அழுத்தினால், அக்கம்பக்கத்தாருக்கு, ‘பூவம்மாள் வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பினாங்க’ என்று ஒரு வரி போகும். இந்த ஒரு வரிக்காகவே ஆட்டத்தைப் பிடித்தது என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். சிப்காட் பெண்கள் ரயிலில் ஆடினார்கள், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர்கள் சாப்பாட்டு வேளையில் ஆடினார்கள். முதல் தெருவின் முதல் வீடு பூவம்மாளுக்குத்தான். சாவியை ஏஞ்சலின்தான் கொடுத்தாள்.

அப்போதெல்லாம் யாருக்கு எந்தத் தெரு என்று ஏஞ்சலினே கையால் பார்த்துப் போடுவாள். ஒருநாள் சூளூர்பேட்டையிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘எங்க அக்கா பூவம்மா இதுல இருக்காங்களாம். அந்தத் தெருவுல எனக்கு ஒரு ஊடு கிடைக்குமா மேடம்? நான்தான்னு சொல்ல வேணாம்.’ கீழே ராஜமாணிக்கம் என்று பெயர்.

ஏஞ்சலினுக்கு அந்தப் பெயர் தெரியும். கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டே பூவம்மாள் சொல்லி அழுத கதை அது. பதினோரு வருஷத்துக்கு முன் அவள் புருஷனின் கருமாதி. தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிப் புடவை வர வேண்டும். பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது தம்பி ராஜமாணிக்கம் ஒருவன்தான். அவனோ இரவு ஷிப்ட் முடித்த கையோடு, முறை தெரியாமல், வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து நின்றான். சபையில் நாலு பேர் சிரித்தார்கள். துக்கத்தில் இருந்தவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என் சாவுக்காவது கோடியோட வந்து சேருடா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "இனிமே உன் வாசல மிதிச்சா ஏன்னு கேளு" என்று அவன் போய்விட்டான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதோடு சரி, பேச்சு வார்த்தை நின்று போயிற்று.

ஏஞ்சலின் ராஜமாணிக்கத்துக்குப் பூவம்மாளின் எதிர்வீட்டைக் கொடுத்தாள். மறுநாள் அவன் கதவைத் தட்டி, ‘உப்பு இருந்தா குடு பூவக்கா’ என்று எழுதினான். உலகத்திலேயே அவளைப் பூவக்கா என்று கூப்பிடுகிற வாய் ஒன்றுதான். அவளும் காட்டிக்கொள்ளவில்லை. ‘கல்லுப்புதான் கீது, பரவால்லியா?’ என்று பதில் போட்டாள். பிறகு ஒரு வருஷம் இரண்டு பேரும் உப்பும் புளியும் மாற்றிக்கொண்டார்கள், ஒருத்தர் செடிக்கு ஒருத்தர் தண்ணீர் ஊற்றினார்கள். பழைய பேச்சை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை. "பொங்கலுக்கு நேர்லயே கூப்புடலாம்னு கீறேன், வருவான்ற?" என்று பூவம்மாள் ஒருநாள் கேட்டபோது, ஏஞ்சலினுக்கு இந்தக் கம்பெனியில் சேர்ந்ததற்கு அர்த்தம் கிடைத்த மாதிரி இருந்தது.

அதற்குள் கம்பெனி வளர்ந்துவிட்டது. ஐந்து பேர் நூற்றறுபது பேரானார்கள். மோட்டார் கடை மாடி போய், சென்னையில் கண்ணாடிக் கட்டடம் வந்தது. பணம் போட்டவர்கள் மாதாமாதம் கூட்டம் கூட்டி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று குடைந்தார்கள். ஆறு மொழியில் ஆட்டம் ஓடியது. தெருவைக் கையால் போடுவது நின்றது, மெஷின் போட்டது. ஒரு புகாருக்கு நாற்பது செகண்டுக்கு மேல் ஆகக் கூடாது என்று ஏஞ்சலினே விதி எழுதினாள். தூக்கம் கெட்டுப் போய் அலைந்த பார்த்திபனைக் குறை சொல்லவும் முடியாது. நாற்று நடுகிற வேகத்தில் அறுவடையும் கேட்டால் அவன்தான் என்ன செய்வான்?

ஆடி மாதம் வந்தது. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிற மாதிரி ஆட்டத்தில் ஒரு திருவிழா வைத்தார்கள். கூட்டம் தாங்காமல் சர்வர் மூன்று முறை படுத்துவிட்டது. அந்தக் கலவரத்தின் நடுவில்தான் ஏஞ்சலினுக்கு ஒரு பட்டியல் வந்தது. ஆட்டத்தில் வரும் எழுத்துகளைச் சரிபார்க்க வேறொரு ஊரில் ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். தமிழை அகராதி வழியாகத் தெரிந்துகொண்ட ஒருவர் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளைத் திருத்தி அனுப்பியிருந்தார். வெளியே போகிற பட்டனில் ‘வரேன்’ என்று இருக்கிறதே, இது நேர் எதிர்ப் பொருள் அல்லவா என்று குறிப்பெழுதி, ‘போறேன்’ என்று மாற்றியிருந்தார். அக்கம்பக்கத்தாருக்குப் போகிற வரியை, சுருக்கமாக இருக்கட்டும் என்று, ‘போயிட்டாங்க’ என்று முடித்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அகராதியில் அப்படித்தான் இருக்கிறது.

ஏஞ்சலின் முதல் ஐம்பது வரிகளைப் படித்தாள். எல்லாம் ஒற்று, கால், கொம்பு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலே ஒரு கட்டம் இருந்தது, அதை டிக் செய்தால் எல்லா வரிகளும் சரி என்று ஆகிவிடும். செய்தாள். ஆறு வருஷம் ஒரு கீறலைக் கூட விடாத கண் அது.

செவ்வாய்க்கிழமை புது ஆட்டம் எல்லார் போனுக்கும் போயிற்று. மத்தியானத்துக்குள் ஊரே சிரித்தது. ‘எங்க மாமியார் போயிட்டாங்கன்னு வந்துச்சு, ஓடிப் போய்ப் பார்த்தா டிவி பார்க்குறாங்க’ என்று ஆளாளுக்குப் படம் போட்டார்கள். சிரித்தவர்கள் பாதி, கோபப்பட்டவர்கள் பாதி. வீட்டில் உடம்பு முடியாதவர்கள் இருந்தவர்கள் ஆட்டத்தையே போனிலிருந்து தூக்கி எறிந்தார்கள். இரண்டே நாளில் இரண்டு லட்சம் பேர் போனார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ‘வரேன்’ திரும்பி வந்துவிட்டது, போனவர்கள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்திபன் அவளைக் கூப்பிட்டான். "ஏஞ்சலின், செத்துட்டாங்கன்னு பொய்ச்சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. பூவம்மா அக்காதான் நம்ம முதல் ஊடு. அவங்க கேமரா முன்னாடி ‘நான் உயிரோட இருக்கேன்பா, எல்லாரும் வாங்க’ன்னு சிரிச்சா போதும். முப்பது செகண்ட். திங்கக்கிழம மீட்டிங்ல காட்ட எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

அவன் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அவள் போகத்தான் இருந்தாள். பூவம்மாளின் போன் நாலு நாளாக எடுக்கப்படவில்லை. கிளம்பும் முன் முதல் தெருவைத் திறந்து பார்த்தாள். பூவம்மாள் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீடு இருந்த இடம் காலி மனையாகக் கிடந்தது. ராஜமாணிக்கம் தன் கணக்கையே அழித்துவிட்டான்.

சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் பூவம்மாளின் வீடு. இரும்பு உருக்கும் மில்லின் கரும்புழுதி ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் படிந்திருந்தது. வாசலில் முருங்கை மரம், அதன் கிளையில் ஒரு துணிக்கடைப் பை தொங்கியது. கதவருகே நாற்காலியில் பூவம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு?"

"நான்தான்கா, ஏஞ்சலின்."

"ஏஞ்சலினாமா? வா, வா. ஒரு கண்ணுல பொர எடுத்துக்கீது, இன்னொன்னு முன்னமே மங்கல். கொரல வச்சித்தான் ஆளக் கண்டுபுடிக்கிறேன். போன தொடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, அதான் எடுக்கல."

உள்ளே போய்த் தட்டுத் தடுமாறி டீ போட்டுக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. ஏஞ்சலின் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, பட்டன் மாறின கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். யார் டிக் போட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

"அத வுடு. நான் போயிட்டேன்னு சேதி போச்சாமே? பக்கத்து ஊட்டு அஞ்சம்மா பொண்ணு வந்து படிச்சிக் காட்டுச்சி. பொய்ச்சாவு வந்தா ஆயுசு கெட்டி. இன்னும் முப்பது வருசம் உங்கள பேஜாரு பண்ணிக்கினுதான் இருப்பேன்."

பூவம்மாள் சிரித்தாள். ஏஞ்சலினுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அந்த நிம்மதியில்தான் பைக்குள் கை விட்டு ஸ்டாண்டை எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் பூவம்மாள் மறுக்கவில்லை. முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"இன்னா சொல்லணும்?"

"உங்க பேரச் சொல்லிட்டு, நான் உயிரோட கீறேன், எல்லாரும் வாங்கன்னு சொல்லுங்கக்கா. போதும்."

போனில் சிவப்புப் புள்ளி ஓடத் தொடங்கியது.

"நான் பூவம்மா. மொதத் தெரு, மொத ஊடு. நான் உயிரோடத்தான் கீறேன்." அங்கே நிறுத்தினாள். உதடு கோணியது. "மாணிக்கம், நான் உயிரோடத்தான் கீறேன்டா. கண்ணு தெரியலடா எனக்கு. நீன்னு தெரியலடா."

ஏஞ்சலின் டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னாக்கா ஆச்சு?"

"தெருவுல ‘நாளைக்கி எனக்கு ஆபரேசன்’னு எழுதினேன். கண்ணுன்னு எழுதல. கண்ணுன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாம். மறுநாளு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பட்டன அமுத்திட்டு போன ஆப் பண்ணிட்டேன். அவனுக்கு அந்தச் சேதி போயிருக்கு."

ஏஞ்சலினுக்குப் புரிந்தது. ஆட்டத்தில் நமக்கு வேண்டிய வீட்டுக்கு மட்டும் மணி கட்டி வைக்கலாம், அந்த வீட்டுச் சேதி வந்தால் போன் மணி அடிக்கும். ராஜமாணிக்கம் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் மணி கட்டியிருந்தான். சேதியைப் பார்த்துத் திரும்பத் திரும்ப எழுதியிருப்பான், பதில் போயிருக்காது.

"புதங்கெழம காலைல ஊட்டுக்கு வந்துட்டேன். இதே எடத்துல உக்காந்துக்கினு இருந்தேன், இந்தக் கண்ணாடி போட்டுக்கினு. தெருவுல ஒரு ஆளு கையில மாலையோட வந்து நின்னான். நெழலாட்டம்தான் தெரிஞ்சிது. வேற யாரு ஊட்டுக்கோ வழி தெரியாம நிக்கிறான்னு நெனச்சி, ‘யாருப்பா, யாரு ஊட்டு சாவுக்கு வந்த?’ன்னு நானே கேட்டேன்."

சிவப்புப் புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் அதன் நினைவு இல்லை.

"பதிலே சொல்லல. ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் அந்த மரத்துல எதையோ மாட்டிட்டுத் திரும்பிட்டான். வரேன்னு கூட சொல்லல. எழவு ஊட்லருந்து போறாப்லயே போனான். அஞ்சம்மா ஓடியாந்து, ‘உன் தம்பிடி, அழுதுக்கினே போறான்’னு சொன்னப்புறம்தான் தெரிஞ்சிது. நான் எழுந்து ரோட்டாண்ட போறதுக்குள்ள பஸ் ஏறிட்டான்."

ஏஞ்சலின் முருங்கை மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பையில் அச்சடித்திருந்தது சூளூர்பேட்டைக் கடையின் பெயர். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. சாவுக்கு வந்த கோடியை உயிரோடிருப்பவள் கட்டக் கூடாது, வீட்டுக்குள் எடுத்துப் போகவும் கூடாது. தம்பி வாங்கி வந்த புடவையைத் தெருவில் எறிய அவளுக்கு மனசும் வரவில்லை. நாலு நாளாக அது மரத்திலேயே கிடந்தது.

"நான் சொன்ன சொல்ல அவன் மறக்கலமா. என் சாவுக்குக் கோடியோட வந்தான். நான் சாவல. அதனால திரும்பிப் போயிட்டான்."

"அவரு நம்பர் கம்பெனியில தேடினா கெடைக்கும்கா. நான் பேசறேன். நடந்தத சொல்லிப் புரிய வைக்கிறேன்."

"நம்பரு எங்கிட்டயே கீது. பதினோரு வருசமா கீது." பூவம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போன் போட்டு இன்னான்னு சொல்லுவ? ‘உன் அக்கா சாவல, மன்னிச்சுக்கோ’ன்னா? உயிரோட இருந்தவளப் பாக்க வராம, பொணத்தப் பாக்க வந்தவனாச்சே அவன். அந்த வெக்கம் அவனுக்குப் போவுமா? உப்பு கேட்டுக்கினு, தண்ணி ஊத்திக்கினு, மெதுவா அவனா வந்துக்கினு இருந்தான். இந்தப் பொங்கலுக்கு வந்திருப்பான். அந்தப் பட்டன மாத்தும்போது ஒருத்தர் கூடவா பாக்கல? உங்க கம்பெனில தமிழ் பேசறவங்களே இல்லியா?"

இதற்கு ஏஞ்சலினால் வேறு பதில் சொல்லியிருக்க முடியும். வேறொரு ஊர், வேறொரு பிரிவு, அகராதி என்று எவ்வளவோ இருந்தது. ரயிலில் அதையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

"எங்கிட்டதான்கா வந்துச்சு. நான்தான் சரின்னு போட்டேன். படிக்காம போட்டேன்."

பூவம்மாள் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கோபப்படுவாள் என்று ஏஞ்சலின் காத்திருந்தாள். திட்டினால் கூடத் தேவலை என்று இருந்தது.

"நீயா?" என்றாள் பூவம்மாள். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "அந்த வார்த்தைய உனக்கு நான்தானேமா சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

ஏஞ்சலின் போனை எடுத்தாள். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, பூவம்மாள் கேட்பதற்கு முன்பே அழித்தாள். திங்கட்கிழமை கூட்டத்தில் காட்டப் பார்த்திபனிடம் ஒன்றும் இருக்காது. இல்லாவிட்டால் போகட்டும். ஸ்டாண்டை மடித்துப் பையில் போட்டாள். சாத்துக்குடியை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, அங்கே வைத்திருக்கிறேன் என்று சொன்னாள். பூவம்மாள் தலையாட்டினாள்.

இந்த வீட்டுக்கு ஏஞ்சலின் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். கிளம்பும்போது வரேன்கா என்பாள். போய்ட்டு வா என்று பூவம்மாள் வாசல் வரை வந்து சொல்லுவாள். கையில் எதையாவது திணிப்பாள், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையாவது.

ஏஞ்சலின் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"வரேன்கா."

பூவம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை, எப்போதும் போல அக்கறையாகத்தான் இருந்தது.

"மழ வராப்ல கீது. ரயிலுக்கு நேரமாச்சி. போம்மா."

ஏஞ்சலின் இன்னும் ஒரு வார்த்தைக்காக, ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றாள். உள்ளே பூவம்மாள் டீ டம்ளரைத் தேடித் தடவி எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். ஏஞ்சலின் மற்றொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, முருங்கை மரத்தைத் தாண்டி நடந்தாள்.